கையகல உலகமும் மடுல்சீமை மலையும்

அறியாத நிலத்தினுள் அடியெடுத்து வைத்து, அதன் நெறிகளையும் இடர்களையும் தன் காலாலேயே கற்றுக்கொள்ளும் வேட்கை மானிடர்க்கு இயல்பாய் அமைந்ததாகும். தமிழ் மக்கள் இவ்வேட்கையை இலக்கியமாகவே வகுத்தனர். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகளாயிருத்தல் இதற்குச் சான்று. அவற்றுள்ளும் மலைபடுகடாம், நன்னன்பாற் செல்லும் கூத்தர்க்கு மலைவழியின் இயல்பை விரித்துரைப்பது. பன்றிக்கு வைத்த பொறி எங்கேயுளது, பாம்பு எங்கே ஒடுங்கிக் கிடக்கும், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல் எவ்விடத்து வந்து விழும், வழி எங்கே காலை வழுக்கும் என்றெல்லாம் முன்சென்றோன் பின்செல்வோனுக்குக் கூறிவைக்கின்றான். வழிகாட்டுவோன் ஒருவன் உளனாயின் மலையும் அச்சந் தருவதன்று. முன்சென்றோர் ஒருவரும் இலராயின் யாது செய்வது?

இவ்வினாவையே விளையாட்டாக அமைத்துக் காட்டியது, யப்பான் நாட்டில் 1986 ஆம் ஆண்டு தோன்றிய மெற்றொயிட் என்னும் மின்னணு விளையாட்டு. விஞ்ஞானக் கற்பனையைப் பொருளாகவும், இருபரிமாணப் படத்தை உருவாகவும், ஆராய்ந்து செல்லுதலை நெறியாகவும் கொண்ட இவ்விளையாட்டு, தொலைக்காட்சிப் பெட்டியோடு பிறந்ததாயினும், கையில் அடங்கும் சிறு பொறிகளிலேயே பெரிதும் வளர்ந்தது. முப்பரிமாணக் காட்சிகள் மலிந்து, படங்கள் மெய்யோ என ஐயுறுமாறு விளங்கும் இந்நாளிலும், உள்ளங்கையகலத் திரையில் ஒருத்தி தனியே நடந்து செல்லும் அவ்விளையாட்டை நாடுவோர் குறைந்தாரல்லர். அதன் கவர்ச்சிக்குக் காரணம் யாது என்பதை வரலாற்று நெறியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வாராய்ச்சிக்கு ஊவா மாகாணத்து மடுல்சீமை மலை எதிர்பாராத ஓர் உரைகல்லாக அமைகின்றது. அவ்விளையாட்டின் கதைத் தொடரில் ஆழமிக்க பகுதி ஓர் ஒட்டுண்ணியைப் பற்றியது. மடுல்சீமையின் வரலாறும் ஓர் ஒட்டுண்ணியாலேயே திசை திரும்பிற்று.

முதற்கண் விளையாட்டின் தோற்றத்தை நோக்குக. நின்ரெண்டோ நிறுவனம் 1889 இல் கியோட்டோ நகரில் பூசாஜிரோ யமவுச்சி என்பவரால் தொடங்கப்பெற்றது. ஹனபுடா எனப்படும் மலர்ச் சீட்டுக்களைச் செய்து விற்பதே அதன் முதற்றொழில். 1965 இல் அந்நிறுவனத்திற் சேர்ந்த குன்பெய் யோக்கோய், சீட்டுச் செய்யும் இயந்திரங்களைப் பராமரிக்கும் பணியில் அமர்த்தப்பட்டவர். ஓய்வு நேரத்தில் அவர் தம் பொழுதுபோக்குக்காகச் செய்துவைத்த நீளும் கைக்கருவி ஒன்றைக் கண்ட நிறுவனத் தலைவர், அதனையே விளையாட்டுப் பொருளாக்குமாறு பணித்தார். 1966 இல் அது வெளிவந்து நன்கு விலைபோயிற்று. அன்றுமுதல் யோக்கோய் விளையாட்டுக் கருவிகளை ஆக்குவோரானார். விரைவு இரயிலிற் பயணஞ் செய்த ஒருவர், கணிப்பான் ஒன்றின் பொத்தான்களை வெறுமனே அழுத்திப் பொழுது கழித்ததைக் கண்டபோதே, சட்டைப் பையில் அடங்கும் விளையாட்டுக் கருவியைச் செய்யும் எண்ணம் அவருக்கு உதித்தது என்பர். 1980 இல் வெளிவந்த கேம் அன்ட் வோச் என்னும் கருவி அவ்வெண்ணத்தின் விளைவாகும்.

யோக்கோய் கைக்கொண்ட கொள்கை ஊன்றி நோக்கத்தக்கது. புதிதாகத் தோன்றிய விலைமிகு தொழில்நுட்பத்தைத் தேடியோடாது, பழகித் தேய்ந்து மலிந்துபோன தொழில்நுட்பத்தை எவரும் எண்ணாத வழியிற் பயன்படுத்துக என்பதே அது. கணிப்பான் செய்வோரிடையே எழுந்த போட்டியினால் விலை தாழ்ந்திருந்த திரவப் பளிங்குத் திரையை அவர் விளையாட்டுக்கு உரியதாக்கினார். 1989 இல் வெளிவந்த கேம் போய் இக்கொள்கையின் முழுமையான வடிவம். அதன் திரையில் அகலவாட்டில் 160 புள்ளிகளும் உயரவாட்டில் 144 புள்ளிகளுமே இருந்தன. வண்ணம் இல்லை, ஒரே நிறத்தின் நான்கு சாயல்களே உண்டு. திரைக்குத் தனி ஒளியும் இல்லை; பகல் வெளிச்சத்திலோ விளக்கினருகிலோ பிடித்தே ஆடுதல் வேண்டும். ஆயினும் நான்கு சிறு மின்கலங்களில் அது பலமணி நேரம் இயங்கியது. வண்ணத் திரையும் ஒளியும் கொண்டு போட்டிக்கு வந்த கருவிகளோ மின்கலங்களை விரைந்து விழுங்கின. பகட்டு நிலைக்கவில்லை; எளிமை நிலைத்தது.

கேம் போய் தோன்றுவதற்கு மூன்றாண்டு முன்னரே, யோக்கோயின் பிரிவைச் சேர்ந்தோர் மெற்றொயிட்டின் முதலாட்டத்தை ஆக்கியிருந்தனர். சாமுஸ் ஆரன் என்னும் பெயர்கொண்ட கவசந் தரித்த வீரர் ஒருவர், செபெஸ் என்னும் கோளின் சுரங்கங்களினூடே தனித்துச் செல்வதே அதன் கதை. அக்கவசத்துள் இருப்பவர் ஒரு பெண் என்பது, ஆட்டத்தை விரைவாக முடிப்போர்க்கு இறுதியிலேயே வெளிப்படும். அந்நாளில் இத்தகைய ஆட்டங்கள் பெரும்பாலும் இடமிருந்து வலமாகவே நகர்வன. 1985 இல் வெளிவந்து புகழ்பெற்ற சுப்பர் மாரியோவில், கடந்த இடத்துக்குத் திரும்பிச் செல்லவே இயலாது. மெற்றொயிட்டில் வலப்பக்கமே செல்வோன் சிறிது தூரத்தில் நுழையவொண்ணாத ஒரு தாழ்ந்த பொந்தின் முன் நின்றுவிடுவான். தொடங்கிய இடத்திலிருந்து இடப்பக்கஞ் சென்றவனுக்கே, உடலை உருண்டையாகச் சுருட்டிக்கொள்ளும் ஆற்றல் கிட்டும். அவ்வாற்றலோடு மீண்டு வந்தாற் பொந்தின் வழி திறக்கும். விளையாட்டின் முதற்பாடமே, வழக்கமான திசையை ஐயுறுக என்பதாகும்.

இருபரிமாணம் என்பது குறைபாடன்றோ எனச் சிலர் வினவுதல் கூடும். மலையொன்றை உச்சியிலிருந்து அடிவரை வாளால் பிளந்து, பிளந்த முகத்தை எதிரே நிறுத்தினாற் போன்றது அவ்வாட்டத்தின் திரை. மேலுள்ள அறையும் கீழுள்ள நீர்நிலையும் இரண்டையும் இணைக்கும் புழையும் ஒரே நோக்கில் விளங்கும். முப்பரிமாணக் காட்சி கண்ணை வியப்பில் ஆழ்த்தும். இருபரிமாணக் காட்சியோ அறிவை வேலை வாங்கும். வாயிலில் இடப்படும் கோலத்தில், இழை எங்கே புறப்பட்டு எங்கே வளைந்து எங்கே வந்து கூடுகின்றதென்று விழி தொடர்ந்து செல்வதுபோல, இவ்வாட்டத்திலும் ஆடுவோனின் உள்ளம் வழிகளைப் பின்னிக்கொண்டே செல்கின்றது. சுவரொன்றின் பின்னே யாதோ உண்டு என்னும் ஐயம் எழுமாயின், அஃது அடுத்த அறையின் வடிவைக் கண்டு எழுந்த ஐயமேயன்றி வெறுங் குருட்டூகம் அன்று.

இவ்விளையாட்டின் உயிர்நிலை மீளுதல் என்னும் செயலிலேயே உளது. புதிய ஆற்றலொன்று கிட்டுந்தோறும், முன்னர்க் கடக்கவியலாது விட்டுவந்த இடங்கள் நினைவுக்கு வருகின்றன. உயரப் பாயும் ஆற்றல் வாய்த்தவன், எட்டாதிருந்த விளிம்பை நாடித் திரும்புகின்றான். வெப்பந் தாங்குங் கவசம் பெற்றவன், எரியும் அறைக்குள் மீண்டும் புகுகின்றான். நிலம் மாறவில்லை, சென்றவனே மாறியுள்ளான். பல ஆட்டங்களில் முன்னேற்றம் என்பது கடந்த தூரமாகும்; ஈண்டு முன்னேற்றம் என்பது பழகிய நிலத்தைப் புதிதாய்க் காணும் கண்ணாகும். தேயிலை மலையில் வாழ்வோர்க்கு இவ்வுண்மை புதிதன்று. கொழுந்து பறிப்போர் ஒரே மலைக்குச் சில நாட்களுக்கு ஒருமுறை திரும்புகின்றனர். எந்த நிரையில் நிலம் இளகியது, எந்த வாய்க்கால் மழைக்குப் பெருகும், அட்டை மிகுந்த ஈரப்பகுதி எது, லயத்துக்குக் குறுக்குவழி எது என்பனவற்றை அவர்கள் ஏட்டிற் கற்றாரல்லர். திரும்பத் திரும்ப நடந்தே கற்றனர்.

கைப்பொறிக்கென்றே ஆக்கப்பட்ட முதல் மெற்றொயிட், 1991 இல் வெளிவந்த இரண்டாம் ஆட்டமாகும். எஸ்.ஆர். 388 என்னும் கோளுக்குச் சென்று, மெற்றொயிட் எனப்படும் உயிருறிஞ்சும் பிராணிகளை அடியோடு அழித்துவருமாறு சாமுஸ் ஏவப்படுகின்றாள். கேம் போயின் சிறு திரையில் அவளுடைய உருவம் பெரிதாக வரையப்பட்டமையால், சுற்றுப்புறத்தில் மிகச் சிறு பகுதியே புலப்படும். வரைபடமும் தரப்படவில்லை. ஒரு கைவிளக்குடன் இருட்குகையில் நடப்பவனின் நிலையே ஆடுவோனின் நிலையாயிற்று. வறுமையே வளமாயினமைக்கு மற்றுமோர் எடுத்துக்காட்டும் உண்டு. முன்னைய ஆட்டத்தில் கவசத்தின் மாற்றத்தை நிறத்தினாற் காட்டினர். நிறமற்ற திரையில் அது கூடாமையின், புதிய கவசத்துக்குப் பெரிய உருண்டைத் தோள்களை வரைந்து வேறுபடுத்தினர். வண்ணத்திரைகள் வந்த பின்னரும் அத்தோள்கள் நீங்கவில்லை. சாமுஸின் அடையாளமாகவே அவை நிலைபெற்றுவிட்டன.

அவ்வாட்டத்தின் முடிவும் எண்ணத்தக்கது. திரையின் மூலையில் ஓர் எண், அழிக்கப்படாது எஞ்சிய பிராணிகளின் தொகையைக் காட்டிக்கொண்டேயிருக்கும். அத்தொகை குறையுந்தோறும் நிலம் அதிர்ந்து, வழியை மறித்து நிற்கும் நச்சுநீர் வடிந்து, ஆழமான பகுதிகள் திறக்கும். இறுதியில் ஒரு முட்டை பொரித்து, வெளிவந்த குஞ்சு சாமுஸைத் தாயெனக் கருதிப் பின்தொடர்கின்றது. அழித்தற்கு வந்தவள் அதனை அழித்திலள். ஆடுவோன் அதுகாறும் எண்ணிக்கையாகவே கருதிய ஒன்று, அக்கணத்தில் உயிராகத் தோற்றுகின்றது. ஒருசொல் வசனமும் இன்றி இம்மாற்றத்தை விளைவித்தமை, அச்சிறு பொறியின் அருஞ்செயல் எனலாம்.

ஒலியமைப்பும் இத்தனிமை உணர்வுக்குத் துணைநின்றது. முதலாட்டத்துக்கு இசையமைத்த ஹிரோக்கசு தனக்கா, அக்கால ஆட்டங்களில் மலிந்திருந்த துள்ளும் மெட்டுக்களை விலக்கி, இசை எது, சுற்றுப்புற ஓசை எது எனப் பிரித்தறியாதவாறு அமைத்தார். முழுமையான இன்னிசை வெற்றிக்குப் பின்னரே கேட்கும். இத்தகைய ஆட்டம் கைப்பொறிக்கு வந்தபோது தனிமை இரட்டித்தது. தொலைக்காட்சியின் முன் ஆடுவோனைச் சூழ்ந்து வீட்டார் அமர்ந்திருப்பர். கைப்பொறியை ஆடுவோனோ பலர் நடுவிலும் தனியன். பெருங்குடும்பம் ஒன்று சிற்றறைகளில் நெருங்கி வாழும் லயத்தில், மழையிரவில் ஓர் இளைஞன் கம்பளிக்குள் இருந்து ஆடுகின்றான் எனக் கொள்க. அவனுக்கு அப்பொறி விளையாட்டுப் பொருள் மாத்திரமன்று. எவரும் குறுக்கிடாத ஓர் அறையுமாகும்.

2001 இல் கேம் போய் அட்வான்ஸ் என்னும் பொறி வெளிவந்தது. அதற்கென யோஷியோ சக்கமோட்டோவின் இயக்கத்தில் 2002 இல் ஆக்கப்பட்டதே மெற்றொயிட் பியூஷன். எஸ்.ஆர். 388 கோளில் ஆய்வாளர்க்குக் காவலாகச் சென்ற சாமுஸ், எக்ஸ் எனப்படும் ஒட்டுண்ணியால் தாக்கப்படுகின்றாள். அது புகுந்த உடலின் மரபுக்கூற்றைக் கவர்ந்து, அவ்வுயிரின் வடிவையே எடுக்க வல்லது. அவளுடைய உடலோடு ஒட்டிப்போன கவசத்தின் பகுதிகளை மருத்துவர் அறுத்து நீக்குகின்றனர். பண்டு அவள் அழிக்காது விட்ட குஞ்சின் உயிரணுக்களிலிருந்து செய்த தடுப்பு மருந்தே அவளைக் காக்கின்றது. பின்னர் உண்மை வெளியாகின்றது: மெற்றொயிட் பிராணிகள் எக்ஸை உண்டு அடக்கி வைப்பதற்கென்றே, சோசோ என்னும் பண்டை இனத்தாரால் ஆக்கப்பட்டவை. அவற்றைச் சாமுஸ் அழித்தமையாலேயே எக்ஸ் கட்டின்றிப் பெருகிற்று. பதினோராண்டுக்கு முன்னர் ஆடுவோன் தன் விரல்களாற் பெற்ற வெற்றியே, இப்போது அவன்மேற் குற்றமாக வந்து நிற்கின்றது. முழுநிலத்தின் இயல்பை அறியாது ஒன்றை மாற்றுவோன் பல கேடுகளுக்கு வித்திடுவான் என்னும் உண்மையை இதனினும் கூர்மையாக உணர்த்திய விளையாட்டுக்கள் சிலவே.

இனி மடுல்சீமைக்கு வருக. பதுளை மாவட்டத்தில், பசறைக்கும் லுணுகலைக்கும் அணித்தாய், கிழக்குத் தாழ்நிலத்தை நோக்கி மலை செங்குத்தாய் வீழும் விளிம்பில் அமைந்தது இப்பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின், இலங்கையின் மலைக்காடுகள் பெரும்பரப்பில் வெட்டி எரிக்கப்பட்டுக் கோப்பி நடப்பட்டது. அவ்வாறு கோப்பி நட்ட பகுதிகளுள் மடுல்சீமை இளையதொன்று. 1869 ஆம் ஆண்டில், இப்பகுதியின் கோப்பிச் செடிகளில் இலையின் அடிப்புறத்தே செம்மஞ்சட் பொடிபோன்ற புள்ளிகள் தோன்றின. அவ்விலைகள் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிற்ஸ் என்பவரிடம் சேர்ந்தன. அவர் அவற்றை இங்கிலாந்திலிருந்த பங்கசு வல்லுநராகிய பேர்க்கிலி பாதிரியாருக்கு அனுப்பினார். அதுகாறும் விஞ்ஞானம் பெயரிட்டறியாத பங்கசு அது எனக் கண்ட பேர்க்கிலி, அவ்வாண்டிலேயே ஹெமிலேயியா வாஸ்ராற்றிக்ஸ் எனப் பெயரிட்டு வெளியிட்டார். பெயரின் பிற்பகுதி பாழாக்குவது எனப் பொருள்படும்.

பெயர் மெய்யாயிற்று. சில ஆண்டுகளுள் நோய் இலங்கையின் கோப்பிப் பகுதிகள் அனைத்திலும் பரவிற்று. ஆயினும் 1870களில் உலகச் சந்தையிற் கோப்பியின் விலை உயர்ந்திருந்தமையால், விளைச்சலின் வீழ்ச்சி கணக்கேட்டில் மறைந்து நின்றது. தோட்டத்துரைமார் புதிய காடுகளை வெட்டி மேலும் கோப்பியே நட்டனர். அப்பத்தாண்டின் இறுதியில் கோப்பி நிலம் இரண்டரை இலட்சம் ஏக்கரைக் கடந்திருந்தது. 1880 இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளர் ஆராய்ச்சிக்கென இலங்கைக்கு அனுப்பப்பட்டார். பங்கசின் வித்திகள் காற்றினாற் பரவுகின்றன என்பதையும், இலைமேற் படிந்த நீர்த்துளியில் அவை முளைத்து இலைவாய்களின் வழியே உட்புகுகின்றன என்பதையும் அவர் ஆராய்ந்து நிறுவினார். இடைவெளியின்றி மலைமலையாய் ஒரே பயிரை நட்டமையே நோய் இத்துணை விரைந்து பரவக் காரணமாயிற்று என்பதும் அவர் ஆராய்ச்சியிற் புலனாயிற்று. அவரால் நோயை விளக்க முடிந்தது. கோப்பியை மீட்க முடியவில்லை.

விளைவு பெரிது. 1884 இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. கோப்பி அழிந்த நிலத்தில் தேயிலை எழுந்தது. 1867 இல் ஜேம்ஸ் ரெயிலர் என்பவர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்ட பயிர், 1895 அளவில் மூன்று இலட்சம் ஏக்கரை எட்டிற்று. கோப்பிக்குப் பருவகாலத்திலேயே ஆள் மிகுதியாக வேண்டும். ஆகவே தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாகக் கால்நடையாய் வந்த தொழிலாளருட் பலர், பருவம் முடிந்தபின் ஊர் திரும்பினர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கை வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக மக்கள் மலையிலேயே தங்கினர். லயமும் கோயிலும் கொழுந்துக்கூடையும் தோட்டப் பள்ளிக்கூடமுமாக மலையகத் தமிழர் வாழ்வு நிலைபெற்றமைக்குப் பின்னணியில், மடுல்சீமையின் சில இலைகளில் முதன்முதற் கண்ட செம்மஞ்சட் புள்ளிகளும் உள்ளன.

இவ்விரு கதைகளையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து ஒற்றுமையும் வேற்றுமையும் புலனாகும். இரண்டிலும் பகை படையோடு வரவில்லை. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிராய் வந்து, தனக்கேற்ற உடல் எங்கும் நிறைந்திருக்கக் கண்டு பெருகிற்று. இரண்டிலும் அதிகாரத்தில் இருந்தோர் கேட்டினும் ஆதாயத்தையே பெரிதாக எண்ணினர்: தோட்டத்துரைமார் விலையேற்றத்தை நம்பினர், கதையில் வரும் விண்வெளிக் கூட்டரசும் எக்ஸை அழிக்காது பிடித்துப் பயன்கொள்ள விரும்புகின்றது. வேற்றுமை யாதெனின், கதையில் எக்ஸை அடக்கிய பகையை அழித்தமை கேட்டுக்குக் காரணம். மடுல்சீமையில் பலவகை மரங்கள் நின்ற காட்டை அழித்து ஒரே செடியை நிறைத்தமை கேட்டுக்கு வழியாயிற்று. சாமுஸ் இறுதியில் ஆய்வுநிலையத்தைக் கோளோடு மோதச் செய்து எக்ஸை ஒழிக்கின்றாள். உலகில் அத்தகைய முடிவு எளிதன்று. கோப்பித் துரு இன்றும் பல நாடுகளில் வாழ்கின்றது; 2012 ஐ ஒட்டி மத்திய அமெரிக்க நாடுகளின் கோப்பியைக் கடுமையாகத் தாக்கிற்று. இலங்கையின் தேயிலைக்கும் 1946 இல் கொப்புள நோய் வந்துற்றது. செப்புக் கலவை மருந்துகளாலேயே அஃது அடக்கப்பட்டது.

மற்றுமோர் வேற்றுமை மனத்தை வருத்துவது. மெற்றொயிட்டில் நிலத்தை நடந்தறிந்தவளே கதையின் தலைவி. மடுல்சீமையின் கோப்பி வரலாற்றிலோ துவெயிற்ஸ், பேர்க்கிலி, வார்ட் என்னும் பெயர்களே நிற்கின்றன. செடிகளை நட்டும் கவாத்துச் செய்தும் பழம் பறித்தும் இலைகளோடே நாள் கழித்த தொழிலாளர் அவ்வரலாற்றில் தொகையாகவே வருகின்றனர்; பெயராக வருவதில்லை. கேம் போயின் மூலையில் ஓர் எண்ணாயிருந்த உயிர், ஆட்டத்தின் முடிவிலேனும் உயிராகத் தோன்றிற்று. மலையை அறிந்த அம்மக்களுக்கோ அம்முடிவு இன்னும் எழுதப்படவில்லை.

பியூஷன் ஆட்டத்தின் மேல் சுமத்தப்படும் ஒரு குறையும் இவ்விடத்துப் பொருந்தும். அவ்வாட்டத்தில் ஒரு கணினி, அடுத்துச் செல்லவேண்டிய இடத்தைச் சாமுஸுக்குக் கட்டளையிட்டுக்கொண்டே செல்கின்றது. பிற வாயில்களைப் பூட்டியும் வைக்கின்றது. தானே தேடிக் காணும் இன்பம் இதனாற் குன்றிற்று என்பர் பழைய ஆட்டத்தில் தோய்ந்தோர். குறை மெய்யே. ஆயினும் கதை முதிருங்கால், அக்கட்டளைகளின் பின்னே மறைக்கப்பட்டவை உள எனச் சாமுஸ் உணர்கின்றாள். பணிக்கப்பட்ட வழியை விட்டுத் தன் அறிவு காட்டிய வழியிற் செல்கின்றாள். ஆற்றுப்படை கூறுவோன் தான் நடந்த வழியை நலங்கருதிக் கூறுகின்றான். கட்டளையிடுவோன் தான் நடவாத வழியைத் தன் பயன் கருதிக் கூறுகின்றான். இரண்டும் வழிகாட்டலே எனினும் ஒன்றாகா. இவ்வேறுபாட்டை ஆடுவோன் சொல்லாற் கேட்டறிவதில்லை. பூட்டிய வாயில்களின் முன் நின்று நின்றே அறிகின்றான்.

விளையாட்டு வீண்பொழுது என்போரின் கூற்றையும் முற்றாகத் தள்ளுதற்கில்லை. பாடத்தையும் உறக்கத்தையும் விழுங்கும் எதுவும் தீதே. கைப்பொறியும் அதற்கு விலக்கன்று. அளவறிந்து ஆடுவோனுக்கோ இவ்வகை ஆட்டம் சில நற்பழக்கங்களைத் தருதல் ஒருதலை. கடக்கவியலாத இடத்தை நினைவில் வைத்தல், தோல்வியுற்ற இடத்துக்கு வேறொரு கருத்தோடு திரும்புதல், சிறு குறிகளிலிருந்து பெரிய வடிவை ஊகித்தல் என்பன அவை. ஆராய்ச்சியாளனுக்கும் இவையே வேண்டும். வார்ட் இலைகளிடையே செய்ததும் இதனின் வேறன்று.

மெற்றொயிட்டின் நெறி யப்பானோடு நின்றுவிடவில்லை. 2004 இல் சீரோ மிஷன் என்னும் பெயரில் முதலாட்டம் கைப்பொறிக்கெனப் புதுக்கி ஆக்கப்பட்டது. 2017 இல் இரண்டாம் ஆட்டத்தை ஸ்பெயின் நாட்டு மேர்க்குரி ஸ்டீம் நிறுவனம் புதுக்கிற்று. இருமுறை கைவிடப்பட்டுப் பல்லாண்டு கிடப்பிற் கிடந்த டிரெட் என்னும் ஆட்டம், 2021 இல், கையிலும் தொலைக்காட்சியிலும் ஆடத்தக்க சுவிட்ச் என்னும் பொறியில் வெளிவந்தது. இவையன்றி, இதே நெறியில் அக்சியம் வேர்ஜ் என்னும் ஆட்டத்தை 2015 இல் ஒரே மனிதர் ஆக்கினார். 2017 இல் ஹாலோ நைட் என்னும் ஆட்டத்தை அவுஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்துச் சிறு குழுவொன்று ஆக்கிற்று. பெருஞ்செல்வமும் பெருந்தொழிற்கூடமும் இன்றியும் இருபரிமாண உலகை ஆக்கலாம் என்பதற்கு இவை சான்று. யோக்கோய் 1997 இல் விபத்தில் இறந்துபட்டார். பழகித் தேய்ந்த கருவியைப் புதிதாய்ச் சிந்திக்க என்னும் அவர் கொள்கை இறந்திலது.

தொகுத்துரைப்பின், இவ்விளையாட்டின் கவர்ச்சி பகட்டில் இல்லை. பொறியின் எளிமை, காட்சியின் தெளிவு, ஆடுவோனின் தனிமை, மீண்டு வருதலின் இன்பம் என்னும் நான்கும் ஒன்றுகூடி, ஒருவனைத் தன் நிலத்தைத் தானே அறிந்தவனாக்குதலில் உளது. மடுல்சீமை இளைஞர்க்கு இதனினின்று கிட்டும் செய்தி ஒன்றுண்டு. எஸ்.ஆர். 388 கோளின் புழைகள் தோறும் என்ன உளதென்று கூறவல்ல ஒருவன், தன் தோட்டத்து மலையின் பெயர்க்காரணத்தையும், பழைய கோப்பி நிலத்தின் எல்லையையும், நீரூற்றின் தொடக்கத்தையும், பாட்டி நடந்த குறுக்குவழியையும் அறியாதிருத்தல் தகுமோ? முன்சென்றோர் இன்னும் சிலர் லயங்களில் உளர். அவர் நினைவில் உள்ள வழிகளைக் கேட்டு எழுதிவைத்தல் இயலும்; எழுதியவற்றைக் கொண்டு ஒருநாள் மடுல்சீமையின் மலையையே கையகலத் திரையில் விரித்தலும் இயலும். நன்னன் மலைக்கு ஆற்றுப்படை உண்டு. செபெஸ் கோளின் சுரங்கங்களுக்கும் வரைபடங்கள் உண்டு. மடுல்சீமைக்கு உரியதை எழுதும் கடமை, அம்மலையை நடந்தறிந்தோரின் மக்களுக்கே உரியது.